பெட்டியில் எது முதற்பதிப்பு? ஜப்பானிய நாவல்களின் ஆங்கிலப் பிரதிகளைச் சோதித்த கதை

டோக்கியோவில் ஆன்லைன் ஏலத்தில் எடுத்த ஓர் அட்டைப்பெட்டிப் புத்தகங்களை ஒருவழியாகப் பிரித்து முடித்துவிட்டேன். ஏழும் ஜப்பானிய நாவல்கள், ஆங்கில மொழிபெயர்ப்பில். எல்லாமே முதற்பதிப்பு என்று விற்றவர் எழுதியிருந்தார். விலை 18,000 யென், தபால் செலவு தனி. சோதித்துப் பார்த்ததில் சந்தேகமில்லாமல் முதற்பதிப்பு என்று சொல்லக்கூடியவை மூன்று. ஒன்றில் புத்தகம் சரி, அட்டைமேல் கழற்றிப் போடும்படி சுற்றியிருக்கும் தாள் உறை போலி. மிச்சம் மூன்றும் பிற்பாடு அச்சானவை. வேறு யாராவது இதே வேலையில் இறங்கினால் உதவும் என்பதால், எதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

பெட்டியில் இருந்தவை: தனிசாகியின் 'தி மகியோகா சிஸ்டர்ஸ்', மிஷிமாவின் 'தி டெம்பிள் ஆஃப் தி கோல்டன் பெவிலியன்', 'ஸ்பிரிங் ஸ்னோ', தசாயின் 'தி செட்டிங் சன்', எண்டோவின் 'சைலன்ஸ்', முரகாமியின் 'பின்பால், 1973', 'எ வைல்ட் ஷீப் சேஸ்'.

முதலில் கருவிகள். நூறு யென் கடையில் 110 யென்னுக்கு வாங்கிய பூதக்கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்கியதே தவிர, அச்சுப் புள்ளிகளைப் பிரித்துக் காட்டவில்லை. அப்புறம் 1,500 யென்னுக்கு நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி ஒரு 10 மடங்கு லென்ஸ் வாங்கினேன். அது போதும், இதைவிடப் பெரியது வேண்டாம். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று, 2,200 யென். 395 நானோமீட்டர் டார்ச் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சம் கலந்து வருவதால் தாள் எப்படி ஒளிர்கிறது என்று தெளிவாகத் தெரியாது. 30 செ.மீ. எஃகு ஸ்கேல் வீட்டிலேயே இருந்தது. சமையலறைத் தராசும் இருந்தது. பென்சில், குறிப்பெழுதத் துண்டுச் சீட்டுகள். புத்தகத்தின் மேலேயே எதையும் எழுதக் கூடாது, பென்சிலால்கூட.

பலரும் தொடங்குவதுபோல நானும் பதிப்புரிமைப் பக்கத்திலிருந்துதான் தொடங்கினேன். 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற வரி இருக்கிறதா என்று பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தேன். அந்த முறை சரிப்படவில்லை. ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். க்நாஃப் முதல் அச்சில் 'ஃபர்ஸ்ட் எடிஷன்' அல்லது 'ஃபர்ஸ்ட் அமெரிக்கன் எடிஷன்' என்று போடும். அடுத்த அச்சில் அதை எடுத்துவிட்டு 'செகண்ட் பிரிண்டிங்' என்று மாதத்தோடு போடும். லண்டனில் செக்கர் அண்ட் வார்பர்க், இங்கிலாந்தில் முதலில் வெளியான ஆண்டை மட்டும் சொல்லும். கீழே மறு அச்சு விவரம் இல்லையென்றால் அதுதான் முதல். நியூ டைரக்ஷன்ஸ் ஆரம்ப கால நூல்களில் பெரும்பாலும் எதுவுமே சொல்லாது. டட்டில் பதிப்புகளில் 'ஃபர்ஸ்ட் டட்டில் எடிஷன்' என்று இருக்கும். அது க்நாஃபிடம் உரிமம் வாங்கி ஜப்பானில் விற்க அச்சிட்ட மலிவுப் பதிப்பாக இருக்கலாம். அதற்குக் கீழே பத்தொன்பதாம் அச்சு, இருபதாம் அச்சு என்று போய்க்கொண்டே இருக்கும். விற்பவர்கள் மேல் வரியை மட்டும் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

அதனால் முறையைத் தலைகீழாக மாற்றினேன். அந்த வருஷத்தில் இருந்திருக்கவே முடியாத ஏதாவது இந்தப் பிரதியில் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். ஒன்று கிடைத்தால் போதும், வேலை முடிந்தது. இப்படித் தேட ஒரு ஆண்டுப் பட்டியல் தேவை, அதைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்:

அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் எண் (அஞ்சல் குறியீட்டு எண்) வந்தது 1963 ஜூலையில். அதற்கு முன் 'நியூ யார்க் 14' போல ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம்தான். புத்தகங்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். 1970 வாக்கில். கவாபாட்டாவுக்கு நோபல் அறிவித்தது 1968 அக்டோபர். தனிசாகி இறந்தது 1965 ஜூலை, மிஷிமா 1970 நவம்பர் 25. ஜப்பானில் நுகர்வு வரி தொடங்கியது 1989 ஏப்ரல் 1, மூன்று சதவீதம். 1997 ஏப்ரலில் ஐந்து. பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். 2007 ஜனவரி.

க்நாஃப் நூல்களின் கடைசியில் ஆசிரியரைப் பற்றிய குறிப்பும், எழுத்துரு பற்றிய குறிப்பும் இருக்கும். ஆசிரியர் குறிப்பைக் கட்டாயம் படிக்க வேண்டும். கவாபாட்டாவின் 'தௌசண்ட் கிரேன்ஸ்' 1959 என்று சொல்லி விற்கிற பிரதியின் உறையில் நோபல் பரிசு என்று இருந்தால், அந்த உறை குறைந்தது ஒன்பது வருஷம் தள்ளிப் பிறந்தது. பதிப்புரிமைப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டைக் காட்டும். ஆனால் அது எண் ஒதுக்கிய ஆண்டு. இருபதாவது அச்சிலும் அதே எண்தான் இருக்கும். பலர் இதை அச்சான ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பட்டியலோடு உட்கார்ந்ததும் 'தி செட்டிங் சன்' ஒரு நிமிஷத்தில் விழுந்தது. டொனால்ட் கீன் மொழிபெயர்ப்பு, 1956. பதிப்புரிமை வரியில் 1956 என்றுதான் இருக்கிறது, விற்றவர் அதைத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் முதுகில் என்.டி.பி. 258. அது நியூ டைரக்ஷன்ஸ் பேப்பர்புக் வரிசை எண். அந்த வரிசையில் இந்த நாவல் சேர்ந்தது 1968இல். முகவரி எட்டாவது அவென்யூ, ஜிப் எண்ணோடு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அந்தப் பதிப்பகம் இருந்தது ஆறாவது அவென்யூவில். ஆக, இது அறுபத்தெட்டின் முதல் பேப்பர்பேக்கும் இல்லை, அதற்கும் பிந்தியது. படிக்க நல்ல பிரதி, அலமாரியில் வைத்துவிட்டேன்.

'ஸ்பிரிங் ஸ்னோ' கொஞ்சம் இழுத்தது. மைக்கேல் கல்லகர் மொழிபெயர்ப்பு, க்நாஃப், 1972. உறையின் முன் மடிப்பில், அதாவது அட்டைக்குள் மடிந்திருக்கும் பகுதியில், மேல் மூலை வெட்டப்பட்டிருந்தது. விலையை மறைத்துப் பரிசளிக்க வெட்டுவது வழக்கம்தான், ஆனால் அங்கே விலை இருந்ததா என்பதே கேள்வி. சந்தாதாரர்களுக்காகத் தனியாக அச்சிடும் புக் கிளப் பிரதிகளில் விலை இருக்காது; மடிப்பின் கீழ் மூலையில் 'புக் கிளப் எடிஷன்' என்று இருக்கும். இந்தப் பிரதியில் அந்தக் கீழ் மூலையும் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு மூலையும் வெட்டியிருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும்.

இங்கே தராசை நம்பிக் கொஞ்ச நேரம் வீணானது. புக் கிளப் நூல்கள் மெல்லிய தாளில் இருக்கும், எடை குறைவு என்று கேள்விப்பட்டிருந்தேன். எடை போட்டேன், எண் வந்தது. ஒப்பிட இன்னொரு பிரதி இல்லாமல் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? தராசு உதவாது என்று முடிவானதும் அட்டைக்குப் போனேன். உறையைக் கழற்றி, பின்னட்டையின் கீழ்ப்பகுதியை, முதுகை ஒட்டிய மூலையை, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை அட்டையோடு அட்டையாகப் படுக்க வைத்து வெளிச்சம் பாய்ச்சியதும் ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. மையில்லாமல் அழுத்திய முத்திரை, சுமார் 5 மி.மீ. விரல் நுனியால் தடவினாலும் தெரிகிறது. புக் கிளப்தான். உள்ளே 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்று இருந்தாலும் அது செல்லாது. பதிப்பகத்தின் பக்கங்களை அப்படியே வைத்து அச்சடித்தபோது அந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. 

இனி கோல்டன் பெவிலியன். இந்தப் பெட்டியை வாங்கியதே இதற்காகத்தான். ஐவன் மாரிஸ் மொழிபெயர்ப்பு, நான்சி வில்சன் ராஸ் முன்னுரை, ஃபூமி கொமாட்சுவின் ஓவியங்கள், க்நாஃப் 1959. க்நாஃபில் ஹெரால்ட் ஸ்ட்ராஸ் என்ற பதிப்பாசிரியர் 1955 முதல் வரிசையாகக் கொண்டுவந்த ஜப்பானிய நாவல்களில் இதுவும் ஒன்று. ஒசரகியின் 'ஹோம்கமிங்' தொடங்கி தனிசாகி, கவாபாட்டா, மிஷிமா, ஓவோகா, அபே என்று ஆங்கில வாசகர்களுக்குப் போருக்குப் பிந்தைய ஜப்பானிய நாவல் அறிமுகமானது பெரும்பாலும் இந்த மனிதர் வழியாகத்தான். சைடன்ஸ்டிக்கர், கீன், மாரிஸ், ஹிபெட் போன்ற மொழிபெயர்ப்பாளர்களை அவர் தொடர்ந்து வேலை வாங்கியிருக்காவிட்டால் இந்தப் பட்டியல் இவ்வளவு நீளமாக இருந்திருக்காது. அதனால்தான் இந்த வரிசை எனக்கு முக்கியம்.

புத்தகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பதிப்பு வரி இருக்கிறது, ஜிப் இல்லை, ஐ.எஸ்.பி.என். இல்லை, ஆசிரியர் உயிரோடு இருப்பதாகத்தான் குறிப்பு பேசுகிறது, அட்டையில் முத்திரை இல்லை. உறையும் அருமையாக இருந்தது. அறுபது வருஷத்துக்கு மேலான தாளுக்கு அது அளவுக்கு மீறிய அருமை.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். உள் தாள் மங்கிய பழுப்பாக இருந்தது. உறை பளீரென்று நீலவெள்ளையில் ஒளிர்ந்தது. இப்போதைய தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்ப்பதால் வருகிற ஒளி அது. ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அந்த ரசாயனம் ஐம்பதுகளிலேயே தாளில் புழக்கத்துக்கு வந்துவிட்டது, 1959 உறையிலும் இருக்க வாய்ப்புண்டு. சரி, லென்ஸை எடுத்தேன். பழைய உறைகளில் ஒரே நிறமாகப் பரவிய இடங்கள் லென்ஸுக்கு அடியிலும் ஒரே நிறமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அந்த நிறத்து மையையே பூசி அச்சடித்திருப்பார்கள். இதில் ஒரே நிறமாகத் தெரிந்த பின்னணி முழுக்கச் சிவப்பு, மஞ்சள், நீலப் புள்ளிகள். எழுத்துகளின் ஓரமும் கூர்மையாக இல்லை, புள்ளிகளாகச் சிதறியிருந்தது. ஸ்கேன் செய்து அச்சடித்த நகல்.

கடைசிச் சான்று நான் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. முன்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் லேசான பழுப்புக் கோடு ஒன்று மேலிருந்து கீழாக ஓடியது. பழைய உறையின் மடிப்பு பல வருஷம் அதன்மேல் கிடந்து ஏற்படுத்திய தடம். அட்டையின் ஓரத்திலிருந்து அந்தக் கோடு வரை 86 மி.மீ. இப்போது இருக்கிற உறையின் மடிப்பு 80 மி.மீ. இந்த உறை இந்தப் புத்தகத்தோடு வளர்ந்தது இல்லை. டார்ச்சும் லென்ஸும் இல்லாதவர்கள்கூட ஒரு ஸ்கேலை வைத்து இதைச் செய்யலாம்.

நகல் உறை போடுவது தப்பில்லை, சொல்லிவிட்டுப் போட்டால். ஐம்பதுகளின் முதற்பதிப்பு விலையில் பெரும்பகுதி உறைக்குத்தான். விற்றவருக்கு மூன்று படங்களோடு எழுதினேன்: டார்ச் வெளிச்சத்தில் ஒன்று, லென்ஸ் வழியாக ஒன்று, ஸ்கேலோடு ஒன்று. அவருக்கும் தெரியவில்லையாம், வாங்கியபடியே விற்றிருக்கிறார். 4,000 யென் திருப்பிக் கொடுத்தார். உறையின் உட்புறத்தில் மைலார் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) மேலுறையோடு சேர்த்து 'நகல்' என்று ஒரு சீட்டு வைத்துவிட்டேன், எனக்குப் பிறகு வருபவர் ஏமாறக் கூடாது.

'தி மகியோகா சிஸ்டர்ஸ்', சைடன்ஸ்டிக்கர், 1957: எல்லாச் சோதனையிலும் தேறியது. மடிப்புத் தடமும் உறையின் மடிப்பும் ஒரே அளவு, விலையும் வெட்டப்படாமல் இருக்கிறது. முதுகு வெளுத்திருக்கிறது, அது பரவாயில்லை.

'சைலன்ஸ்' பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வில்லியம் ஜான்ஸ்டன் மொழிபெயர்ப்பு முதலில் வந்தது டோக்கியோவில், 1969இல், சோஃபியா பல்கலைக்கழகமும் டட்டிலும் சேர்ந்து போட்டது. லண்டனில் பீட்டர் ஓவன் போட்டது 1976, நியூ யார்க்கில் டாப்ளிங்கர் போட்டது 1979. டாப்ளிங்கர் பிரதியை முதல் அமெரிக்கப் பதிப்பு என்று விற்றால் அது உண்மைதான். ஆங்கிலத்தில் முதலாவது அது இல்லை. டட்டில் பெயரைப் பார்த்ததும் மறுபதிப்பு என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் இந்த நூலில் நம்மை ஏமாற்றும். என் பிரதியில் அச்சு விவரம் 1969ஓடு நிற்கிறது. இப்படி டோக்கியோவில் முதலில் பிறந்த ஆங்கிலப் பதிப்புகள் இன்னும் உண்டு. சோசெகியின் 'கொகொரோ' சிகாகோவில் ரெக்னரி மூலம் 1957இல் வந்த மெக்லெலன் மொழிபெயர்ப்பில்தான் பிரபலம். ஆனால் அதற்கு முன்பே, 1941இல், டோக்கியோவின் ஹொகுசெய்டோ வேறொரு மொழிபெயர்ப்பைப் போட்டுவிட்டது.

'பின்பால், 1973' தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. கோடன்ஷா இங்லிஷ் லைப்ரரி, ஆல்ஃபிரட் பிர்ன்பாம் மொழிபெயர்ப்பு, 1985. ஆங்கிலம் படிக்கும் ஜப்பானியர்களுக்காகப் போட்ட வரிசை. பின்னால் கடினமான சொற்களுக்கு ஜப்பானிய மொழியில் குறிப்புகள் இருக்கும். அளவு 105க்கு 148 மி.மீ., சட்டைப்பையில் போகும் புன்கோ அளவு. முரகாமியின் நாவல் ஆங்கிலத்தில் முதலில் வந்தது இந்தக் குட்டிப் புத்தகத்தில்தான். அதனால்தான் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

இதில் ஆங்கிலப் பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஜப்பானிய நூல்களில் வெளியீட்டு விவரம் எல்லாம் அங்கேதான் இருக்கும், ஒகுஸுகே என்பார்கள். முதல் வரியில் முதல் அச்சின் தேதி. மறு அச்சாக இருந்தால் அதற்குக் கீழே இன்னொரு தேதியும் அச்சு எண்ணும். இரண்டு எழுத்துகளைப் பழகிக்கொண்டால் போதும்: பதிப்பைக் குறிப்பது 'ஹான்', அச்சைக் குறிப்பது 'சட்சு'. சட்சு எழுத்தின் வலது ஓரம் ஒரு குட்டைக் கோடும் ஒரு நெட்டைக் கோடுமாக முடியும், அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அதற்கு முன்னால் இருக்கிற எண் ஒன்றா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. சில நூல்களில் ஆண்டு பேரரசர் காலக் கணக்கில் இருக்கும். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டினால் நம் ஆண்டு. ஷோவா 60 என்றால் 1985. ஹெய்செய் என்றால் 1988ஐக் கூட்ட வேண்டும்.

விற்றவர் போட்டிருந்த படத்தில் ஒகுஸுகேயின் முதல் வரி மட்டும் தெரிந்தது. கையில் வந்ததும் பார்த்தால் கீழே இரண்டாவது வரி இருந்தது. உறையே முன்கூட்டிச் சொல்லியிருக்கும்: பின்னட்டையில் விலையோடு வரியும் சேர்த்து அச்சாகியிருக்கிறது. நுகர்வு வரி இல்லாத 1985இல் அப்படி அச்சாகியிருக்க முடியாது. ஆனால் உறையை மட்டும் வைத்து முடிவெடுக்கவும் கூடாது, கிடங்கில் இருக்கிற பழைய நூலுக்குப் புது விலையோடு புது உறை போடுவது ஜப்பானில் நடக்கிற விஷயம். உறை பிந்தியது, ஒகுஸுகே முதல் அச்சு என்ற கலவையும் வரலாம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

இந்தப் பிரதியின் உறையில் பழைய புத்தகக் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் 20 செ.மீ. தூரத்தில் வைத்து அரை நிமிஷம் காட்டி, ஒரு ஓரத்திலிருந்து படுக்கைவாட்டில் மெதுவாக உரித்தேன். வழவழப்பான பூச்சுள்ள உறை என்பதால் சுத்தமாக வந்தது. மகியோகா போன்ற பூச்சில்லாத பழைய உறையில் இதைச் செய்ய மாட்டேன், தாளும் சேர்ந்து வந்துவிடும்.

'எ வைல்ட் ஷீப் சேஸ்' எளிது. கோடன்ஷா இன்டர்நேஷனல், 1989, கெட்டி அட்டை. பதிப்பு வரிக்குக் கீழே இரண்டாம் அச்சு பற்றி எதுவும் இல்லை, மடிப்பில் விலை இருக்கிறது, அட்டையில் முத்திரை இல்லை. தேறியது.

மைலார் சுருள் ஒன்று 1,800 யென், ஏழு நூலுக்கும் போட்டு பாதிக்கு மேல் மிச்சம். உயரத்தைவிட 4 செ.மீ. அதிகம் வைத்து வெட்டி, மேலும் கீழும் மடித்து, டேப்பை மைலார்மேல் மட்டும் ஒட்ட வேண்டும். உறையில் டேப் படவே கூடாது. கருவிகள், மைலார், திரும்பி வந்த பணம் எல்லாம் கூட்டிக் கழித்தால் மொத்தம் சுமார் 19,600 யென், தபால் நீங்கலாக. மகியோகாவும் சைலன்ஸும் மட்டுமே அந்தப் பணத்துக்குப் போதும் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை பணம் கட்டும் முன் விற்பவரிடம் ஐந்து படம் கேட்பேன். பதிப்புரிமைப் பக்கம் முழுசாக, மேலிருந்து கீழ் வரை. ஜப்பானில் அச்சானதென்றால் ஒகுஸுகே முழுசாக. உறையின் முன் மடிப்பு, இரண்டு மூலையும் தெரியும்படி. உறை கழற்றிய பின்னட்டை, பக்கவாட்டு வெளிச்சத்தில். உறையைக் கொஞ்சம் விலக்கி உள் ஒட்டுத்தாள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. டோக்கியோவின் பழைய புத்தகக் கடைப் பகுதியான ஜிம்போச்சோவில் ஆங்கில நூல்கள் வைத்திருக்கிற பழைய புத்தகக் கடைக்காரர்கள் கேட்டால் உறையைக் கழற்றிக் காட்டவே செய்கிறார்கள். அவர்களே கழற்றட்டும், நாம் தொட வேண்டாம்.

இப்போது தேடுவது 'நார்வீஜியன் வுட்'. பிர்ன்பாம் மொழிபெயர்த்து கோடன்ஷா இங்லிஷ் லைப்ரரியில் 1989இல் இரண்டு பாகமாக வந்தது ஒன்று. ஜே ரூபின் புதிதாக மொழிபெயர்த்து 2000இல் லண்டனில் ஹார்வில் போட்டது இன்னொன்று, சிவப்பும் பச்சையுமாக இரண்டு சிறு நூல்கள் ஒரே பெட்டியில். அதே வருஷம் அமெரிக்காவில் விண்டேஜ் போட்டது பேப்பர்பேக்தான், அதற்கு முன் அங்கே கெட்டி அட்டை கிடையாது. எனக்கு வேண்டியது 1989 ஜோடி. இரண்டு பாகத்துக்கும் தனித்தனி ஒகுஸுகே இருப்பதால் ஒன்று முதல் அச்சாகவும் மற்றது ஐந்தாம் அச்சாகவும் ஜோடி சேர்த்து விற்கிறார்கள். நேற்று ஒரு விற்பனையாளரிடம் இரண்டு பாகத்தின் கடைசிப் பக்கத்தையும் கேட்டு எழுதியிருக்கிறேன்.